ஆரியா, ஹாபிஸ், பெல்டலௌடா

மாமாவுக்குக் காது மந்தம். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்துக் கல்குவாரிகளில் 22 வருஷம் ஜாக்ஹேமரோடும் கம்ப்ரசரோடும் குடித்தனம் நடத்தியவருக்கு வேறென்ன மிஞ்சும்? டிவி பார்க்கும்போது சத்தத்தை ஏற்றச் சொல்லவே மாட்டார். ஏற்றினாலும் பிரயோஜனமில்லை என்று அவருக்கே தெரியும். பேசுகிறவர்களின் கையையும் வாயையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சீரியலில் யார் நல்லவள், யார் சொத்தை எழுதி வாங்கப் போகிறவள் என்பதெல்லாம் அத்தைக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும்.

போன கோடையில் லேப்டாப்பை டிவியில் மாட்டி ‘தி எக்ஸ்பேன்ஸ்’ பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை. மாமா களித் தட்டோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் சீரிஸ் நிலையம். (தொடர் என்கிற சீரிஸ் இல்லை, அது ஒரு குறுங்கோளின் பெயர். நிஜமாகவே இருக்கிறது, குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர்.) ஒல்லியும் உயரமுமாக, கழுத்தில் பச்சை குத்திய நாலு பேர் ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார்கள். பாவம், மனுஷனுக்கு ஒன்றும் புரியாதே என்று படத்தை நிறுத்தி, “மாமா, இவங்க யாருன்னா...” என்று கத்த ஆரம்பித்தேன்.

“நிறுத்தாத மாப்ள. இவுங்க லோடு ஏத்தி எறக்கறவங்க. அந்த நெட்டையன் மேஸ்திரி. கூலி பாக்கி.”

கூலி பாக்கி என்பது தப்பு. அங்கே சண்டை தண்ணீருக்காக. மற்றதெல்லாம் சரி. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“கையப் பாரு” என்றார், களியை உருட்டிக்கொண்டே.

இதை எழுதத் தோன்றியதே அந்த ஒரு வார்த்தையால்தான். தொடரை இரண்டு தடவை முழுதாகப் பார்த்தவன் நான். அதில் வரும் சொற்களுக்கெல்லாம் ஒரு நோட்டில் அர்த்தம் எழுதி வைத்திருந்தவன். கையை மட்டும் பார்த்ததில்லை.

பார்க்காதவர்களுக்காக: ‘தி எக்ஸ்பேன்ஸ்’ 2015-இல் தொடங்கி 2022 ஜனவரியில் முடிந்த அறிபுனை (அறிவியல் புனைகதை)த் தொடர். ஆறு சீசன், 62 பகுதிகள். மூன்று சீசனோடு ஒரு சேனல் கைவிட, அமேசான் எடுத்து மிச்சத்தை முடித்தது. கதை சில நூற்றாண்டுகள் தள்ளி நடக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் பாறையை உடைத்தும் பனிக்கட்டியை இழுத்தும் பிழைக்கிற ஒரு கூட்டம். அவர்கள் பெயர் பெல்டர்கள். மேலே முதலாளிகளாகப் பூமியும் செவ்வாயும். பாறை ஒருத்தன் உடைப்பது, பாலிஷ் இன்னொருத்தன் வீட்டுத் தரையில் ஏறுவது. கிருஷ்ணகிரிக்காரனுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

இந்தப் பெல்டர்கள் பேசுவது ஒரு கலவை மொழி. தொடருக்காக நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் இலக்கணத்தோடு செய்து கொடுத்தது. பல தேசத்து ஆட்கள் ஒரே கப்பலில் ஒரே வேலைக்குப் போனால் அவர்களுடைய பிள்ளைகளின் நாக்கில் என்ன மிஞ்சும் என்று யோசித்துச் செய்திருக்கிறார். ‘பெரத்னா’ என்றால் சகோதரன். ‘சாசா கே?’ என்றால் புரிகிறதா? ‘பாஸ்மாங்’ என்றால் தலைவன், கேப்டன். ‘ஓக்வா’ தண்ணீர், ‘எரெலுஃப்’ காற்று. ‘பெல்டலௌடா’ என்றால் பட்டைக்காரர்களாகிய நாம். ‘இன்யலௌடா’ என்றால் உள்கிரகத்துக்காரர்கள், அதாவது அவர்கள். (இந்த ‘லௌடா’ வரும்போதெல்லாம் இந்தி தெரிந்த நண்பன் ஒருவன் விழுந்து விழுந்து சிரிப்பான். காரணத்தை இங்கே எழுத முடியாது.)

எனக்குப் பிடித்த சொல் ‘வெல்வாலா’. பூமியின் ஈர்ப்பை ஒரு கிணறாகக் கற்பனை செய்து, அந்தக் கிணற்றுக்காரர்களோடு குலாவுகிற துரோகி என்று திட்டும் சொல். நாம் இதைப் பல நூறு வருஷமாகக் கிணற்றுத் தவளை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நம் தவளைக்கு வெளியுலகம் தெரியாது, அவ்வளவுதான். பெல்டரின் தவளையோ வேண்டுமென்றே கிணற்றில் போய் விழுந்தது.

கைக்கு வருகிறேன். பெல்டர்கள் தோளைக் குலுக்க மாட்டார்கள், தலையை ஆட்ட மாட்டார்கள். விண்வெளி உடைக்குள் தோள் குலுங்கினால் எவனுக்குத் தெரியும்? ஆகவே ஆமாம், இல்லை, தெரியாது எல்லாமே கையால். உடையைக் கழற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தப் பழக்கம் போவதில்லை. மாமாவும் அப்படித்தான். குவாரியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அத்தை சோறு போடும்போது “போதும்” என்று வாயால் சொல்ல மாட்டார். தட்டுக்கு மேலே கையை நீட்டி முஷ்டியை மூடுவார். டெரிக் கிரேனுக்கு ‘நிறுத்து’ என்று காட்டுகிற சைகை அது. இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டி மெதுவாக ஒரு சுற்று. சோறு இறங்கும்.

கம்ப்ரசர் ஓடும் இடத்தில் வாய் எதற்கும் உதவாது. மேலே நிற்பவனுக்கும் அடியில் நிற்பவனுக்கும் நடுவே பத்து டன் பிளாக் தொங்கும்போது நம்பிக்கை முழுதும் ஒரு விரலில்தான். ஆனாலும் கொஞ்சம் சத்தம் அடங்கிய நேரத்தில் வாயாலும் கத்துவார்கள். மாமா இருந்த குவாரியில் தூக்க ‘ஹாபிஸ்’, இறக்க ‘ஆரியா’. சின்ன வயதில் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனபோது, ஹாபிஸ் ஹாபிஸ் என்று கத்துவதைக் கேட்டு எல்லோரும் ஆபீசுக்குப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஆரியாவைப் பற்றி நினைத்ததை அரசியல் காரணங்களால் தவிர்க்கிறேன்.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ‘அரியார்’ என்றால் போர்த்துக்கீசிய மொழியில் பாயை, கொடியைக் கீழே இறக்குவது. பாய்க்கப்பல் காலத்தில் இந்தியா, அரபுநாடு, மலாய் என்று பல கரைகளிலிருந்து கப்பல் கூலிகளாகப் போன லஸ்கர்கள் தங்களுக்குள் ஒரு கலவை மொழி பேசினார்கள். அதிகாரிகளுக்கு அது புரிந்தாக வேண்டும் என்று தாமஸ் ரோபக் என்ற பிரிட்டிஷ்காரர் 1811-இல் கல்கத்தாவில் அகராதியே போட்டார். ஆரியாவும் ஹாபிஸும் அந்தக் கப்பல்தளத்துச் சொற்கள். கப்பல் போய், துறைமுகத்துக் கிரேன் வந்து, கட்டட வேலைக்காரர்களின் வாய்க்குப் போய், கடலையே பார்க்காத பர்கூர்ப் பாறைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு மொழியியலாளர் உட்கார்ந்து கற்பனை செய்ததை மாமா 22 வருஷமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு யாரும் அவருக்குச் சன்மானம் தரவில்லை.

இந்த ஊரில் மொழி எப்போதுமே இப்படித்தான். ஓசூர் சந்தையில் தெலுங்குக்காரர் காய்க்காரம்மாவிடம் “எந்த?” என்பார், விலை எவ்வளவு என்ற அர்த்தத்தில். தமிழ்க்காரம்மா “எந்த... எது?” என்பார். கன்னடக்காரர் “எஷ்டு” என்று நடுவில் நுழைவார். கடைசியில் மூன்று பேரும் விரலைக் காட்டி முடித்துக்கொள்வார்கள்.

மாமா தன் முதல் நாள் கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கன்னடம் பேசும் மேஸ்திரி. பிளாக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. மேஸ்திரி கையை நீட்டி “சாக்கு! சாக்கு!” என்கிறார். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். பதினெட்டு வயசு மாமா ஓடிப்போய் சிமெண்ட் கொட்டகையிலிருந்து ஒரு காலிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாராம். பிளாக் முக்காலடி அதிகமாக இறங்கி ஒரு கட்டை நொறுங்கியது. யாருக்கும் அடியில்லை. அதற்கப்புறம் அந்தக் குவாரியில் மாமாவின் பெயரே சாக்கு. இன்றைக்கும் பர்கூர் பேருந்து நிலையத்தில் யாராவது வயசாளி “டேய் சாக்கு!” என்று கூப்பிட்டால் இவர் திரும்புவார். காது கேட்காதவர் அதை மட்டும் எப்படிக் கேட்கிறார் என்பது அத்தையின் நீண்டநாள் சந்தேகம்.

‘எப்ஸ்டீன்’ என்ற சொல்லும் இதே வகைதான். அந்தத் தொடரில் கிரகத்துக்குக் கிரகம் போக உதவும் எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் சாலமன் எப்ஸ்டீன் என்ற பாத்திரம். எந்திரத்தின் பெயர் எப்ஸ்டீன் டிரைவ். பேச்சில் வெறும் எப்ஸ்டீன். அந்த மனிதரை யாரும் நினைப்பதில்லை. நம் குவாரியில் சங்கிலிச் சக்கரம் போட்டு மண் அள்ளும் வண்டி எந்தக் கம்பெனி செய்தாலும் ஹிட்டாச்சிதான். முன்னால் தொட்டி, பின்னால் கொக்கிக் கை வைத்த மஞ்சள் வண்டி எந்தக் கம்பெனியானாலும் ஜேசிபி. “ஹிட்டாச்சி வரச் சொல்லு” என்றால் ஜப்பான் கம்பெனிக்கு யாரும் போன் போடுவதில்லை. பெயர் தேய்ந்து கருவியாவதுதான் வேலைத்தளத்தின் வழக்கம். அதைக் கவனித்த எழுத்தாளர்கள் எழுதிய தொடர் என்று அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. எங்கள் மாவட்டத்துப் பலவண்ணக் கல் ஒன்று வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும்போது பெயர் ‘பாரடைசோ’. இத்தாலிய மொழியில் சொர்க்கம். அதை அறுத்த ஆட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இதுவும் புனைந்த சொல்தான், வாங்குகிறவனுக்காகப் புனைந்தது. அறிபுனைத் தொடர்களிலும் பார்க்கிறவனுக்காக மட்டும் புனைந்த சொற்கள் ஏராளம். பளபளவென்று இருக்கும், வாயில் ஒட்டாது.

‘ஸ்டார் ட்ரெக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் எடுத்த முதல் தொடரில் சொற்களை யோசித்துத்தான் வைத்தார்கள். முதல் முன்னோட்டப் படத்தில் துப்பாக்கிக்கு லேசர் என்று பெயர். பிறகு, லேசரால் இதெல்லாம் முடியாதே என்று நாளைக்கு ஒருவன் சொல்லிவிடுவான் என்ற பயத்தில் ‘ஃபேசர்’ ஆக்கினார்கள். கப்பலை ஓட்டும் படிகம் ஆரம்பப் பகுதிகளில் லித்தியம். லித்தியம் நிஜத்தில் இருக்கிற தனிமம் ஆயிற்றே என்று ‘டைலித்தியம்’ ஆக்கினார்கள். அதாவது 23-ஆம் நூற்றாண்டுக்கு லித்தியம் ரொம்பச் சாதாரணமாகப் பட்டிருக்கிறது. இன்றைக்குப் போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் லித்தியம் பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்று தகராறு நடக்கிறது. அன்று தள்ளிவிட்ட சொல்தான் கடைசியில் ஊருக்குள் வந்து சேர்ந்தது.

பின்னால் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்களில் நிலைமை மோசம். வசனகர்த்தாக்கள் தொழில்நுட்பச் சொல் வரவேண்டிய இடத்தில் ‘டெக்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்களாம். கப்பல் வெடிக்கப் போகிறது, உடனே ‘டெக்கை டெக் செய்’ என்று ஒரு வரி. அறிவியல் ஆலோசகர் வந்து கோடிட்ட இடங்களை நிரப்புவார். சொன்னவர் அங்கே எழுதிய ரொனால்ட் டி. மூர். பத்தாம் வகுப்பு அறிவியல் பரிட்சைத் தாள்போல இருக்கிறதல்லவா? இதனால்தான் அந்தத் தொடர்களில் ஆபத்து வந்தாலும் நமக்குப் பதற்றம் வருவதில்லை. பிரச்சினையும் ‘டெக்’, தீர்வும் ‘டெக்’.

அதே மூர் பிறகு ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வைப் புதிதாக எடுத்தார். 2003-இல் ஒரு குறுந்தொடர், அதன்பின் 2009 வரை ஓடிய முழுத்தொடர். 1978-இல் வந்த பழைய தொடரில் மணி, வருஷத்துக்கெல்லாம் விசித்திரமான பெயர்கள் இருந்தன. மூர் அவற்றில் பெரும்பாலானதைத் தூக்கி எறிந்தார். ஒன்றை மட்டும் விடவில்லை: ‘ஃப்ராக்’. கெட்ட வார்த்தைக்குப் பதிலாக வைத்த சொல். ஆங்கிலத்தில் எழுத்துகளை எண்ணினால் ஐந்து வந்தது. நிஜக் கெட்ட வார்த்தைபோல நான்காகக் குறைத்தார்கள். அந்தச் சொல் பிழைத்த காரணம் எனக்குச் சுலபமாகப் புரிகிறது. அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விரலில் சம்மட்டி பட்டவன் என்ன சொன்னாலும் அர்த்தம் ஒன்றுதான்.

நானும் ஒரு விண்வெளிக் கதை எழுதினேன். சொல்லாமல் இருக்கலாம், ஆனால் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு நியாயமில்லை. எல்லாம் தூய தமிழில். ‘வளிமீட்டி’, ‘ஈர்ப்புத்திருப்பி’, ‘ஒளிமிகு பாய்ச்சுபொறி’. ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் பார்த்து, சந்தி பார்த்து, இரண்டு மாதம். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. சரி, மாமாவிடமாவது படித்துக் காட்டலாம் என்று அவர் காதருகில் கத்திப் படித்தேன். தெருவே கேட்டது. கப்பலில் ஓட்டை விழுந்து நாயகன் அலறுகிற இடம்:

“வளிமீட்டியின் அழுத்தநிலை தாழ்ந்துள்ளது!”

மாமா கையை நீட்டி முஷ்டியை மூடினார். நிறுத்தினேன்.

“சாவப்போறான்ல?”

“ஆமா மாமா.”

“காத்து எறங்குதுன்னு சொல்லத் தெரியாதா அவனுக்கு?”

பக்கத்து வீட்டுத் திண்ணையில் யாரோ சிரித்தார்கள்.

அன்றைக்கு வந்த கோபத்தில், ஆக்கிய சொல் எல்லாமே செத்த சொல் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அதைக் கலைத்தது தொரப்பள்ளி. ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நேரம் இருந்ததால் ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்க்கப் போனோம். 1878-இல் அங்கே பிறந்தவர். அரசியலெல்லாம் இருக்கட்டும், 1916-இல், வக்கீலாக இருந்த காலத்தில், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் வைத்தார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் எல்லாவற்றுக்கும் சொல் செய்தார்கள். தமிழில் பாடம் நடத்துகிற ஆய்வுக்கூடம் ஒன்றும் இல்லாத காலம். இல்லாத கூடத்துக்குள் வைக்கப்போகும் கண்ணாடிக் குழாய்க்கு முன்கூட்டியே பெயர் வைத்திருக்கிறார்கள். இதை அறிபுனை என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

அப்படி ஏதோ ஒரு மேசையில் பிறந்த சொற்கள்தான் நான் பள்ளியில் படித்தவையும். ‘கரியமில வாயு’ என்பதைக் கரி, அமிலம் என்று பிரிக்கவே எனக்குக் கல்லூரி வரை தெரியாது. கரியமிலா என்பது ஏதோ ஒரு பெண்ணின் பெயர்போல மனதில் இருந்தது. அது வாழ்ந்துவிட்டது. செய்தித்தாளில் வருகிறது, மேடையில் வருகிறது. சோடாக் கடைக்காரர் மட்டும் அதை ‘கேஸ்’ என்கிறார். அடுப்பில் எரிவதும் கேஸ், வயிற்றில் இருப்பதும் கேஸ். அவருக்குக் குழப்பமே இல்லை. கரியமில வாயு பிழைத்ததற்கு இரண்டு மதிப்பெண் கேள்வியும் அதற்குப் பயந்த லட்சக்கணக்கான பிள்ளைகளும் காரணம். என் வளிமீட்டிக்கு அப்படி யாருமில்லை.

அதற்கப்புறம் கதையைத் திருத்தினேன். எந்திரத்துக்குப் பெயரே வைக்கவில்லை. கப்பலில் ஒரு பழைய மேஸ்திரி அதை ‘பெரிசு’ என்பார். “பெரிசு இருமுது” என்றால் எல்லோரும் கவசம் மாட்டுவார்கள். என்ன எந்திரம், எப்படி ஓடுகிறது என்று கடைசிவரை வராது. மாமாவிடம் படித்ததில் இரண்டு இடத்தில் மட்டும் முஷ்டி மூடினார். ஒன்று, மேஸ்திரி தன் ஆட்களுக்கு நன்றி சொல்லும் இடம். “எந்த மேஸ்திரி நன்றி சொல்லுவான்?” என்றார். எடுத்துவிட்டேன். இன்னொன்று தூக்கம் வந்ததால்.

தொடரை மாமாவோடு நாலாவது சீசன் வரை வந்திருக்கிறோம். இப்போது அவர் என்னைச் சில நேரம் பெரத்னா என்கிறார். மாமன் மருமகனைச் சகோதரன் என்று கூப்பிடக் கூடாது என்று அத்தைக்கு ஒரே ஆட்சேபம். முறை கெட்டுவிடுமாம். அவளை வம்புக்கிழுக்க அவர் வேண்டுமென்றே சொல்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை கடைக்குக் கிளம்பினாள். மாமா நாற்காலியிலிருந்தபடியே, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, மறக்காமல் பிபி மாத்திரை என்று விரல் விட்டு எண்ணிவிட்டு, “சாசா கே?” என்றார்.

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “சாசாவாவது கீசாவாவது. பைய எடு.”